நட்டக் கொப்பி

எங்கள் குடும்பத்தில் யாரும் வரவு செலவு எழுதியதில்லை. போன மாதம் மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். ஆனால் யார், எப்போது, எங்கே காசைத் தொலைத்தார்கள் என்பதற்கு மட்டும் பிசகில்லாத பதிவு இருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பெரியம்மாவின் தொடர்மாடி வீட்டில், சாமித் தட்டில், பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடக்கும் நீல மட்டைக் கொப்பிதான் அது.

பெரியம்மா கணக்கு ரீச்சர். ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்குப் பிள்ளைகளின் கொப்பி கிடைக்காததால் எங்களைத் திருத்தத் தொடங்கினார். பெயர், திகதி, தொகை, காரணம் என்று நாலு நிரல். காரணம் என்ற நிரலில் ‘பேராசை’ என்று எழுதவே மாட்டார். எழுதினால் எல்லாப் பக்கத்திலும் அதையே எழுத வேண்டிவரும், கை வலிக்கும் என்பார்.

என் பெயரும் அதில் ஓரிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

முதல் பதிவு சொந்தப் புருஷனுடையது. பெரியப்பா வேலையை விட்டு வந்தபோது கிடைத்த சேமலாப நிதியில் பெரும் பங்கை ஒரு நிறுவனத்தில் வைப்பிலிட்டார். வங்கி தருவதைவிட நன்றாகக் கூடிய வட்டி. 2008 முடிவதற்குள் கொழும்பில், மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. பெரியப்பாவுடையதும் வரிசை தப்பாமல் கவிழ்ந்தது. ஏன் அங்கே போட்டீர்கள் என்று கேட்டதற்கு, “உள்ளுக்குப் போன உடன பால்தேத்தண்ணி தந்தவை, தமிழிலயும் கதைச்சவை” என்றார். கொப்பியில் காரணம் அப்படியே ஏறியது: பால்தேத்தண்ணி, தமிழ்.

அதற்குப் பிறகு பெரியப்பா இந்த விஷயத்தில் நடமாடும் அறிவித்தல் பலகையாகிவிட்டார். வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010 இல் வந்தது, இப்போது ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய் வரை காப்பு, அதுவும் அனுமதி பெற்ற வங்கியும் நிதிக் கம்பனியும் என்றால் மட்டும்தான் என்று 155 ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குக் கூடச் சொல்வார். கேட்டவர் பம்பலப்பிட்டியில் இறங்க நினைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்பலப்பிட்டியில் இறங்கிவிடுவார்.

சித்தப்பா வேறு ரகம். வெயிலிலும் குடை கொண்டுபோகிற மனிதர். 2022 தொடக்கத்தில், வட்டி இன்னும் விழுந்துவிடும் என்று பயந்து, இருந்த காசை இரண்டு வருட நிலையான வைப்பில் ஒற்றை இலக்க வட்டிக்குப் பூட்டினார். ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டியெல்லாம் பின்தொடரும் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளியால் உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில் அரசாங்கம் மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 வீதத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. காலி வீதியில் ஒவ்வொரு வங்கி வாசலிலும் புது வட்டியைக் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார்கள். சித்தப்பா காலி வீதியைக் கைவிட்டு, வங்கிப் பலகை கண்ணில் படாத மரைன் ட்ரைவ் வழியாக நடந்து வீட்டுக்கு வரத் தொடங்கினார். உடம்புக்குக் கடல்காற்று நல்லது என்று காரணம் வேறு. 2023 ஜூனில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. அவருடைய வைப்பு முதிர்ந்தபோது வட்டி ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது. ஏறின ஏற்றமெல்லாம் அவரைத் தொடாமலே ஏறி இறங்கிவிட்டது.

“2022 செப்டெம்பரில கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம் அக்கா. 25 வீதம் வட்டி வாங்கினவனுக்கும் நட்டம்தானே” என்று அவர் மேன்முறையீடு செய்தார். பெரியம்மா யோசித்துவிட்டு, வழிமுறை சரி, விடை பிழை என்று பாதிப் புள்ளி கொடுத்தார். பெயர் மட்டும் கொப்பியை விட்டுப் போகவில்லை.

மாமியின் கதைதான் எனக்குப் பிடித்தது. மகனின் படிப்புச் செலவுக்காக 2012 இல், தங்கம் உச்சத்தில் இருந்தபோது, தன் தாயின் பதக்கச் சங்கிலியை அடைவு வைத்தார். விலை கூட என்பதால் கடனும் தாராளமாகக் கிடைத்தது. அடுத்த வருடம் உலகச் சந்தையில் தங்கம் சரிந்தது. பவுண் 50,000 ரூபாய்க்குள் வந்துவிட்டது. முதலும் வட்டியும் சேர்த்தால் சங்கிலியின் பெறுமதியைவிட மேலே. நாடு முழுக்கப் பலர் நகையை மீட்காமல் அப்படியே விட்டார்கள். அடைவு பிடித்த வங்கிகள்தான் விழி பிதுங்கின. “நீங்களும் விடுங்கோ, அதே காசுக்குச் செட்டியார் தெருவில புதுசே வாங்கலாம்” என்று எல்லோரும் படித்துப் படித்துச் சொன்னோம். மாமி கேட்கவில்லை. ஊரெல்லாம் கைமாற்று வாங்கிச் சங்கிலியை மீட்டார். கொப்பியில்: நட்டம். காரணம்: அம்மா.

2025 இல் பவுண் 3 லட்சத்தைத் தாண்டிய செய்தி வந்த அன்று, மாமி அந்தச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தார்.

“மச்சாள், அந்தக் கொப்பியை எடுங்கோ. என்ர பெயரை வெட்டுங்கோ.”

“நீர் வித்தீரோ?”

“ஏன் விக்க?”

“விக்காமல் லாபம் எண்டு எழுதேலாது.”

“சரி, லாபம் எண்டு எழுத வேண்டாம். நட்டம் எண்டதை வெட்டுங்கோ.”

அரை மணித்தியாலம் போனது. கடைசியில் பெரியம்மா பென்சிலால் பக்கத்தில் ‘பார்க்கலாம்’ என்று எழுதினார். அழிக்கிற றப்பர் எங்கே இருக்கிறது என்பதையும் மாமி பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அத்தானுடையது சின்னக் கதை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த நாட்டில் பழையதாகப் பழையதாக விலை ஏறியது சாராயத்துக்கு அடுத்தபடி கார்தான். இன்னும் ஏறும் என்று நம்பி லீசிங்கில் ஒரு பழைய கார் எடுத்தார். எடுத்த கையோடு பெற்றோல் வரிசை. பிறகு கியூஆர் அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கார் கீழே தரிப்பிடத்தில் நின்றது, தவணை மட்டும் ஓடியது. ஓடாத காரை அவர் நாள்தோறும் கழுவினார். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்தார்கள். இப்போதும் கழுவுகிறார்.

இந்தக் கொப்பியைப் புரட்டும்போது எனக்குப் படுவது ஒன்றுதான். எங்கள் ஆட்கள் யாரும் ஒரே பள்ளத்தில் இரண்டு தரம் விழுந்ததில்லை. பக்கத்துப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். பட்டவர்கள் பட்ட இடத்தின் பெயரைப் பாடமாக்கிக்கொள்கிறார்களே தவிர, அங்கே எதற்காகப் போனோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை; அண்மையில் ஒரு ஞாயிறு மத்தியானம் கண்ணால் கண்டேன்.

அன்றைக்கு அக்காவின் மகன், அதாவது அத்தானின் மகன், எல்லோருக்கும் புரியாணிப் பார்சலும் வட்டிலப்பமும் வாங்கிக்கொண்டு வந்தான். கணக்கியல் படிக்கிறவன். வெறுங்கையோடு வந்து நிறைந்த கையோடு போவதுதான் அவன் வழக்கம். அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் புரியாணி மணத்தில் சந்தேகம் எங்கே வரும்? எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அவன் ஃபோனை எடுத்தான்.

ஒரு செயலி. 30,000 ரூபாய் போட வேண்டும். நாளுக்குச் சில ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட வேண்டும். நாளுக்கு 900 ரூபாய் ஏறும். இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் கூட. பொய் இல்லை, 9,000 ரூபாய் எடுத்து வங்கிக் கணக்கிலும் போட்டாயிற்று என்று குறுஞ்செய்தியைக் காட்டினான்.

இந்த இடத்தில் வெடி வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் சுடாத கையே கிடையாது. பெரியப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

“இது ஃபினான்ஸ் கம்பனியோ?”

“இல்லைத் தாத்தா, அப்.”

“அப்ப சரி.”

சித்தப்பா: “காசை எத்தனை வருசத்துக்குப் பூட்டோணும்?”

“எப்பவும் எடுக்கலாம்.”

“அப்ப நல்லது.”

மாமி நகை ஏதும் அடைவு வைக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும் அவர் முகமும் தெளிந்தது. அத்தான் லீசிங்கா என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் நண்பர் ஒருவருக்கும் சொல்லலாம் என்று ஃபோனைத் தேடினார்.

பெரியம்மா கை கழுவிவிட்டு வந்து பேரனின் ஃபோனை வாங்கினார்.

“30,000க்கு 900. நாளுக்கு 3 வீதம். எடுக்காமல் திருப்பித் திருப்பிப் போட்டால் வருசக் கடைசியில எவ்வளவு?”

“நல்லா வரும் அம்மம்மா.”

“நல்லா எண்டது விடை இல்லை.” 1.03 இன் 365 ஆம் அடுக்கைத் தட்டினார். “48,000 மடங்குக்கு மேல. உன்ர 30,000, 145 கோடியாகும். ரெண்டாவது வருசமும் விட்டால், இலங்கை முழுக்க வருசத்தில உற்பத்தி செய்யிறதின்ர பெறுமதியை விடக் கூட உன்ர ஃபோனுக்குள்ள கிடக்கும். ஹோட்டலுக்கு நட்சத்திரம் போட்டதுக்கு.”

மேசை அமைதியானது. பிறகு அத்தான் பெரியம்மாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“145 கோடி வேண்டாம் மாமி. ஒரு மூண்டு மாசம் மட்டும் போட்டு எடுத்தால்?”

நான் என் ஃபோனில் தேடி வாசித்துக் காட்டினேன்: வங்கித்தொழில் சட்டத்தில், இப்படி ஆளுக்கு ஆள் சேர்த்துக் காசு பிடிக்கிற பிரமிட் திட்டம் நடத்துவது மட்டுமல்ல, அதை விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும் கூடக் குற்றம். நண்பரின் இலக்கத்தைக் கண்டுபிடித்திருந்த அத்தான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

பெரியம்மா பேரனிடம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். “முழுக்க எடு. இப்பவே, என்ர கண்ணுக்கு முன்னால.”

அவன் தட்டினான். ஒரு செய்தி வந்தது: உங்கள் பணம் தயார், பெறுவதற்கு 15 வீதம் வரியை முற்பணமாகச் செலுத்தவும்.

“பாத்தீங்களே, வரி கூடக் கட்டுறாங்கள். சட்டப்படிதான் செய்யிறாங்கள்” என்றான் அவன். கணக்கியல் படிக்கிறவன் என்று முன்னமே சொன்னேன்.

பெரியப்பாவுக்கு அப்போதுதான் உசார் வந்தது. “எடேய், என்ர வைப்பு வட்டியில வங்கி 10 வீதம் வரியைக் கழிச்சுப் போட்டு மிச்சத்தைத்தான் கணக்கில போடுது. 2025 ஏப்ரலுக்கு முன்னம் 5 வீதம், அப்பவும் கழிச்சுத்தான் போட்டது. உன்ர காசைத் தர நீ காசு தா எண்டு இறைவரித் திணைக்களம் கேக்காது. அவன் கிட்ட இருக்கிற காசிலயே கழிக்கச் சொல்லிப் பார்.”

அவன் அப்படியே எழுதி அனுப்பினான். மறுபக்கத்தில் மிக மரியாதையாகப் பதில் வந்துகொண்டே இருந்தது, கழிக்க மட்டும் முடியாதாம். கொஞ்ச நேரத்தில் பதிலும் நின்றது.

அப்போது குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் கேட்டது. “தம்பி, என்ர காசு எவ்வளவு மிச்சம்?”

அவளும் ஒரு 30,000 போட்டிருந்தாள். அத்தானுக்குத் தெரியாது. அத்தான் எழுந்து குசினிப் பக்கம் போனார். அங்கே நடந்ததை நான் எழுதவில்லை. காரைப் பற்றிய பேச்சும் அடிக்கடி காதில் விழுந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெரியம்மா கொப்பியை எடுத்து வந்து விரித்தார். பேரன் ஒரு சட்டப் பிரச்சினை கிளப்பினான். போட்டது 60,000, எடுத்தது 9,000, ஆகவே நிகர நட்டம் 51,000 என்றுதான் எழுத வேண்டும் என்றான். படிப்பு வீண்போகவில்லை.

“அந்த 9,000 எங்கயிருந்து வந்தது? ஹோட்டல்காரன் தந்தவனோ? உன்னைப்போல ஆர் பெத்த பிள்ளையோ போட்ட காசு. சில நேரம் உன்ர அம்மாவின்ர காசையே உனக்குத் தந்திருப்பாங்கள். அது வரவு இல்லை. அதை அம்மாட்டக் குடு.”

“இல்லை அம்மம்மா.”

“ஏன்?”

அவன் மேசையைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். பார்சல் தாள்கள், எலும்புகள், வழித்துத் துடைத்த வட்டிலப்பக் கிண்ணங்கள்.

பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சாப்பிட்டவர்களின் பெயர்களை வயது வரிசையில் எழுதத் தொடங்கினார். தன் பெயரை முதலில் எழுதினார், அந்த நேர்மையைச் சொல்லத்தான் வேண்டும். 9,000 ஐத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, எல்லோரும் அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. காரணம் என்ற நிரலில்: புரியாணி.

மாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தான் முட்டையும் அச்சாறும் மட்டும்தான் எடுத்ததாகவும், வட்டிலப்பம் கூட மற்றவர்கள் வற்புறுத்தியதால்தான் என்றும், தன் பெயரைப் பென்சிலால் எழுதும்படியும் கேட்டுக்கொண்டிருந்தார்.