ஆலமரத்துக்கு விறகு விலை

"நிழல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க சார்?"

சாலை அகலப்படுத்த மரக் கணக்கெடுப்பு. கேட்டவர் ஆலமரத்தடி இளநீர்க் கடைக்காரர். படிவத்தில் மர வகை, சுற்றளவு, நீளம், கன அளவு, மதிப்பு, குறிப்பு. "அது கணக்குல வராதுங்கய்யா" என்றேன். பொய் இல்லை.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆலில் அங்கேயே சிக்கல்: அடிமரத்தோடு ஒட்டிய விழுதுகளைச் சேர்த்தால் அளவு கூடும், விட்டால் குறையும். சுற்றளவின் கால் பங்கை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அளவு. 4.8 மீட்டர் சுற்று, 2.5 மீட்டர் நீளம்: 1.2 × 1.2 × 2.5 = 3.6 கன மீட்டர். முழு உருளையில் இது சுமார் 78.5 சதவீதம்தான், மீதியை அறுப்புக் கழிவென்று சூத்திரமே தள்ளிவிடுகிறது. ஆலில் இந்த 3.6-ம் நல்ல பலகைக்கு உதவாது. விறகு விலைதான். பக்கத்துப் புளியமரம் விறகு விலையிலிருந்து பிழைத்தது, அதற்கு மகசூல் ஏலம் உண்டு; பிழைத்தது என்றால் காகிதத்தில் மட்டும், வெட்டு இரண்டுக்கும்தான்.

'விலைமதிப்பற்றது' என்று எழுதியிருக்கலாமோ? எழுதினால் கூட்டலில் அது பூஜ்யம். விறகு விலையாவது போட்டது சரிதான். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மேற்கு வங்க ரயில்வே மேம்பாலங்களுக்காக மரம் வெட்டும் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020-இல் அமைத்த நிபுணர் குழு ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. அதில் ஆக்சிஜனுக்கு மட்டும் 45,000. நூறு வயது மரம் என்றால் 74.5 லட்சம். கடைக்காரர் கேட்ட கட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற ஹெக்டேருக்கு 4.38 முதல் 10.43 லட்சம் வரை என்று 2008-லேயே விகிதம் வந்துவிட்டது. அந்தத் தொகை திட்டச் செலவில் இன்னொரு வரி, அவ்வளவே. பணம் கட்டினால் வெட்டலாம்.

விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புள்ளதற்கு ஈடே இல்லை என்றார் ஜெர்மன் தத்துவஞானி கான்ட். மாண்பை அவர் பகுத்தறிவுள்ள உயிர்களுக்கே ஒதுக்கினார், மரத்துக்கு அல்ல. ஆனாலும் 'ஒன்றுக்குப் பத்துக் கன்று' என்று நிபந்தனை எழுதும்போதெல்லாம் அந்த 'ஈடு' உறுத்துகிறது. நிலம் விற்பனைக்காக உற்பத்தியானதல்ல, அதைச் சரக்கு என்பது ஒரு பாவனை என்றார் பொருளியல் வரலாற்றாளர் போலன்யி. பறவை எச்சத்தில் முளைத்த ஆலை யார் உற்பத்தி செய்தது?

குறிப்புக் கட்டத்தில் 'நிழல்' என்று எழுதியிருந்தேன். மேலே போகும் தொகுப்புப் பட்டியலில் அந்தக் கட்டம் கிடையாது.