இபாடானில் புரூஃப் பார்த்த காலம்

என் அப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படிக்க ஏழு வயதிலேயே எனக்குப் பழக்கிவிட்டார். டாக்டருக்குப் படித்து முடித்த பிறகு அந்தப் பழக்கத்துக்கு வேலையே இருக்காது என்று நினைத்திருந்தேன். அதற்கு வேலை வந்தது நைஜீரியாவில், 1982ல்.

எண்ணெய்ப் பணம் புரண்ட காலத்தில் நைஜீரியா இந்தியாவிலிருந்து வாத்தியார்களையும் டாக்டர்களையும் நிறையவே வரவழைத்தது. அந்த அலையின் கடைசியில் போனவன் நான். இபாடான் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் கற்பிக்கும் வேலை. வகுப்பும் பிணக்கூறாய்வும் நுண்ணோக்கியுமாக ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் இரண்டு மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையன் வாசலிலேயே குனிந்து விரல் நுனியால் தரையைத் தொட்டான். கூட வந்த பெண் முழங்காலை மடித்து எழுந்தாள். அந்தப் பகுதியின் யோருபா இனப் பிள்ளைகள் பெரியவர்களை அப்படித்தான் வணங்குவார்கள். "குட் ஈவினிங் சார், குட் ஈவினிங் மா" என்றார்கள். அந்த 'மா', மேடம் என்பதன் சுருக்கம். ஆனால் என் மனைவியின் காதில் அது நம்மூர் 'மா'வாகவே விழுந்தது. உடனே அடுப்பில் காபிக்குப் பால் ஏறிவிட்டது.

அவர்கள் டோக்கிட்டாவுக்குக் கட்டுரை கேட்டு வந்திருந்தார்கள். மருத்துவ மாணவர்களே நடத்தும் பத்திரிகை. டாக்டர் என்ற சொல்லை யோருபா நாக்கு தன் வசத்துக்கு வளைத்துக்கொண்டதுதான் 'டோக்கிட்டா'. சந்தையில் மிளகாய் விற்கிற அம்மாவும் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார். மருத்துவப் பத்திரிகை என்றதும் லத்தீனில் ஒரு பெயரைத் தேடாமல், நோயாளி வாயில் வரும் சொல்லையே அட்டையில் போட்டிருந்தார்கள். அது முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது.

அந்தப் பத்திரிகை தொடங்கியது 1960ல். அந்த வருடத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. இபாடானில் பல்கலைக்கழகக் கல்லூரி 1948ல் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாகத் தொடங்கியது. பாடத்திட்டம் லண்டனுடையது, பட்டமும் லண்டனுடையது. முதலில் படித்த மருத்துவ மாணவர்கள் நோயாளிகளோடு பழகும் கடைசி வருடங்களுக்குக் கப்பலேறி இங்கிலாந்து போக வேண்டியிருந்தது. 500 படுக்கைகளோடு யூ.சி.எச். (யுனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்பிடல்) என்ற பெரிய மருத்துவமனை 1957 நவம்பரில் திறந்த பிறகுதான் அந்தப் பயணம் தேவையில்லாமல் போனது. முழுக்க இபாடானிலேயே படித்தவர்கள் டாக்டர்களாகி முதன்முதலில் வெளியே வந்தது 1960ல். அதே வருடம் அக்டோபர் 1 அன்று நாடும் சுதந்திரம் அடைந்தது. கல்லூரி தனிப் பல்கலைக்கழகமானது 1962ல். அதாவது பட்டத்தை இன்னும் லண்டன் கொடுத்துக்கொண்டிருந்தபோதே, பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு பத்திரிகையைத் தொடங்கிவிட்டார்கள்.

லண்டனின் பழைய மருத்துவமனைகளுக்கும் சொந்தப் பத்திரிகைகள் இருந்தன. கைஸ் மருத்துவமனையில் 1872லிருந்து, பார்ட்ஸில் 1893லிருந்து. மாதிரி அங்கிருந்து வந்திருக்கலாம். தேவை மட்டும் இபாடானுடையது என்பது என் எண்ணம். நாங்கள் படித்த ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் வெப்ப மண்டல நோய்கள் கடைசி அத்தியாயமாக வரும். பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டுகிற அத்தியாயம். இபாடானில் வார்டுக்குள் நுழைந்தால் முதல் கட்டிலிலேயே அந்தக் கடைசி அத்தியாயம் படுத்திருக்கும். தாடை வீங்கிப் பற்கள் ஆடும் ஐந்து வயதுப் பையனுக்கு பர்கிட் கட்டி என்ற புற்றுநோய். கால் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகி, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு குவாஷியோர்கர் என்ற சத்துக்குறைவு நோய். இவற்றைப் பற்றி யார் எழுதுவது?

ஆசிரியர்கள் எழுதினார்கள். ஒசுன்டோகுன் என்ற நரம்பியல் நிபுணர், சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளிக் கிழங்கையே சாப்பிட்டு வாழ்பவர்களுக்கு அதிலுள்ள சயனைடால் நரம்பு கெட்டு நடை தள்ளாடுவதைப் பற்றி 1968ல் எழுதியது உலகம் முழுவதும் படிக்கப்பட்டது. நைலாண்டர் என்ற மகப்பேறு நிபுணர், அந்தப் பகுதியில் ஆயிரம் பிரசவத்துக்கு 45க்குக் குறையாமல் இரட்டையர் பிறப்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். மாணவர்களுக்கு இவர்கள் பக்கத்து அறை மனிதர்கள். பெரிய ஆய்வு என்பது தங்கள் பாட்டி சமைக்கிற கிழங்கிலிருந்தும் தங்கள் தெருவில் பிறக்கிற இரட்டைக் குழந்தைகளிலிருந்தும் தொடங்குகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். டோக்கிட்டாவில் பேராசிரியரின் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் நான்காம் வருட மாணவனின் கட்டுரை வருவது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். கட்டுரை கொடுத்தேன். புரூஃப் வந்தபோது, அச்சகத்தார் போடுகிற குறிகளை நான் போட்டுக் கொடுத்ததைப் பார்த்து அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து மொத்தப் பத்திரிகையின் புரூஃபும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வர ஆரம்பித்தது. ஐந்தாறு பேர் வருவார்கள். வழியில் அக்காரா வாங்கி வருவார்கள். தட்டப்பயறை ஊறவைத்து அரைத்துச் சுடுகிற பண்டம், நம் வடைக்குச் சகோதரி. ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சில் விரல் வைத்துப் பார்ப்பார். கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கு.

அப்படி ஒரு ராத்திரி. இதயநோய் மருந்தான டிகாக்சினைப் பற்றி ஒரு கட்டுரை. அளவு 0.25 மில்லிகிராம் என்று இருக்க வேண்டும். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்ததை எடுத்துவிட்டேன். மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி அதைத் திரும்ப எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். "சார், இங்கே புள்ளி இருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை. ஈயப் புள்ளி எங்கோ விழுந்திருந்தது. முன்னால் இருந்த சைபர் தேய்ந்து நிழல் மாதிரி நின்றது. பார்க்கிற கண்ணுக்கு அது 25 மில்லிகிராம், நூறு மடங்கு. அதை நம்பி யாராவது ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து எழுதியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. அந்தப் பெண் என்னைக் குறை சொல்லவில்லை. புள்ளியைச் சிவப்பு மையில் போட்டு, சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் அளவை எழுத்தாலும் எழுதினாள். அன்றிலிருந்து எல்லா மருந்து அளவையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது என்று அவர்களே விதி வைத்துக்கொண்டார்கள். நான் சொல்லிக் கொடுத்த விதி இல்லை அது.

அப்புறம் சோபியா கட்டுரை. இபாடான் மாணவர்கள் இபாராபா வட்டாரத்துக்குப் போய்க் கிராம மக்களோடு தங்கிப் பயிற்சி எடுப்பது 1963லிருந்து வழக்கம். இக்போ-ஓரா என்ற ஊர்தான் மையம். அங்கே தங்கிவிட்டு வந்த ஒரு மாணவன் 'சோபியா' பற்றி, அதாவது கினிப் புழு நோயைப் பற்றி, எழுதியிருந்தான். காலில் கொப்புளம் கிளம்பி, அது உடைந்து, நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். குச்சியில் சுற்றித் தினமும் விரல்கடை அளவுதான் இழுக்க முடியும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் காலே வீங்கிச் சீழ் பிடிக்கும். அவன் விவரித்தபோது, "எங்கள் பாட்டி இதை நரம்புச் சிலந்தி என்பார்" என்றேன். மேசையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தியாவிலும் இதே புழு இருக்கிறது, அதே குளத்துத் தண்ணீர்தான் காரணம் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தவர்கள்தான். ஒரு பாட்டியின் வார்த்தையாகக் கேட்டபோது அது வேறாக இருந்திருக்க வேண்டும்.

கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால், 'மக்களின் அறியாமையால் இந்நோய் பரவுகிறது' என்று ஒரு வரி. அந்த வருடத்துப் பத்திரிகை ஆசிரியர் ஐந்தாம் வருட மாணவர், அதிகம் பேசாதவர். அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். "அந்த ஊரில் கிணறு எத்தனை?" என்று கேட்டார். எழுதியவனுக்குத் தெரியவில்லை. "புழு வெளியே வரும் மாதம் எது? அப்போது வயலில் என்ன வேலை? எத்தனை நாள் நடக்க முடியாமல் கிடக்கிறார்கள்? எத்தனை பேரைக் கேட்டாய்?" ஒன்றுக்கும் பதில் இல்லை. "தெரியாதது நமக்கு. அவர்களுக்கு என்று ஏன் எழுதியிருக்கிறாய்?" குரல் உயரவே இல்லை. எழுதியவன் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகாமல், சொந்தச் செலவில் இக்போ-ஓரா போய், வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தான்.

திருத்திய கட்டுரையில் 'அறியாமை' என்ற சொல் இல்லை. வறண்ட மாதங்களில் குளம் வற்றி, மிச்சமிருக்கிற தண்ணீரில் பூச்சி சேர்ந்து, அதைக் குடித்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்துச் சரியாக வயல் வேலை நேரத்தில் புழு வருகிறது என்று எழுதியிருந்தான். நடக்க முடியாத தாய், குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் வர முடியவில்லை என்றும் இருந்தது. முப்பது வருடம் கற்பித்தவன் நான். ஒரு மாணவனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதை இவ்வளவு சுத்தமாக எந்த வகுப்பறையிலும் பார்த்ததில்லை. கற்றுக்கொடுத்தவருக்கு வயது இருபத்துமூன்றோ நான்கோ இருக்கும்.

பிறகு 1987-88ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது நைஜீரியாவில் 6,50,000க்கு மேற்பட்டோருக்கு அந்தப் புழு இருந்தது தெரிந்தது. வடிகட்டித் துணியும் ஆழ்துளைக் கிணறும் ஊர் ஊராகப் போன தொண்டர்களுமாகச் சேர்ந்து அதை ஒழித்தார்கள். கடைசி நோயாளி 2008ல். நோய் ஒழிந்த நாடு என்ற சான்று 2013ல் கிடைத்தது. இந்தியாவுக்கு அந்தச் சான்று 2000ல். நைஜீரியச் செய்தியைப் படித்த அன்று அலமாரியிலிருந்து அந்த இதழை எடுத்து அவன் கட்டுரையை மறுபடி படித்தேன்.

அந்த வருடங்கள் நல்ல வருடங்கள் இல்லை. 1983 டிசம்பர் 31 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மருத்துவமனைகள் வெறும் ஆலோசனை அறைகளாகிவிட்டன என்பது அன்று வானொலியில் படித்த அறிவிப்பிலேயே ஒரு காரணமாக வந்தது. 1985ல் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அவர்களுடைய சங்கத்தைத் தடை செய்தார்கள். அடுத்த வருடம் பொருளாதாரச் சீரமைப்பு என்று நாட்டு நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையில் மிதக்கவிட்டார்கள். 1985ல் ஒரு டாலருக்கு ஒரு நைராகூட ஆகாது. 1987ல் நாலு நைரா. காகிதம், மை, படம் அச்சிடும் பிளாக் எல்லாம் எட்டாத விலைக்குப் போனது. மாணவர்கள் பஸ் ஏறி லாகோஸ் போய் மருந்துக் கம்பெனி வாசல்களில் விளம்பரத்துக்காக நின்றார்கள். பக்கத்தைக் குறைத்தார்கள். இதழ் தள்ளிப்போனது. நிறுத்திவிடலாம் என்ற பேச்சை மட்டும் அந்த மேசையில் நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வேலைநிறுத்தங்கள் பிறகும் வந்தன; 2022ல் எட்டு மாதம். அதையெல்லாம் கேள்விப்படும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பிள்ளைகள்தான்.

மாணவர் பத்திரிகைக்கு எதிரி பணமில்லாமை மட்டும் இல்லை. நன்றாக வேலை தெரிந்தவர் தேறிப் போய்விடுவார், அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். டோக்கிட்டாவில் இதற்கு எழுதப்படாத ஓர் ஏற்பாடு இருந்தது. போகிற ஆசிரியர், வரப்போகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வருவார். கட்டுரை தருகிறவர், புரூஃப் பார்க்கிறவர், அச்சகக்காரர் என்று எல்லோரிடமும். பழைய இதழ்கள் இருக்கும் தகரப் பெட்டியின் சாவியும் கணக்கு நோட்டும் அப்படித்தான் கை மாறும்.

நான் ஊருக்குக் கிளம்பியது 1987ல். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அந்த அதிகம் பேசாத ஆசிரியர் வந்தார். அதற்குள் டாக்டராகிவிட்டார். பத்திரிகையை வேறொருவர் நடத்திக்கொண்டிருந்தார். கூட ஒல்லியாக ஒரு பையன், புதிதாகச் சேரப்போகிறவன். "சார், இவனை நீங்கள் பார்த்துவிட்டுப் போக வேண்டும்" என்றார். உட்கார நாற்காலி இல்லை. பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம்.

என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டேன். ரத்த அணு அரிவாள் போல வளைந்துபோகும் நோய்க்கு வரும் குழந்தைகளைப் பற்றி, என்றான். அந்த மரபணு நைஜீரியாவில் கிட்டத்தட்ட நாலில் ஒருவரிடம் உண்டு. அவன் பார்த்தது அது இல்லை. கிளினிக்கின் சீட்டுகளில் பெயர்களைப் பார்த்திருக்கிறான். துரோஜயே, இருந்து வாழ்ந்து அனுபவி. கோக்குமோ, இனி சாகாது. மாலோமோ, மறுபடி போகாதே. பிறந்து பிறந்து சாகிற குழந்தையை அபிக்கு என்பார்கள். அதைத் தங்கவைக்க வைக்கிற பெயர்கள் இவை. அந்த வீடுகளில் முன்னால் போன குழந்தைகளுக்கும் இதே நோய்தான் இருந்திருக்குமோ என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளை தங்காத வீடுகளில் பிச்சை, குப்பம்மா என்று நாங்களும் பெயர் வைப்போம் என்று சொன்னேன். நோட்டை எடுத்து அதையும் குறித்துக்கொண்டான்.

நான் கேட்பதற்குள் அந்தப் பழைய ஆசிரியர் கேட்டுவிட்டார். "எத்தனை சீட்டு பார்த்தாய்?"

"முப்பத்தொன்று. இன்னும் முடியவில்லை. நாளைக்குக் கிளினிக் நாள்" என்றான் பையன்.