மட்டக்களப்பில் இரண்டு நாள்: விஞ்ஞானக் கதையும் நண்டுக் கறியும்

இன்று விடியற்காலைதான் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினேன். இடுப்பு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. மட்டக்களப்பில் நடந்த விஞ்ஞானக் கதை வாசகர் கூடலுக்குப் போய் வந்ததைப் பயணம், தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களுக்குச் சொல்லியிருந்தேன்.

முதலில் பஸ். சொகுசு பஸ் என்று 2,300 ரூபா வாங்கினார்கள். வவுனியா வருமுன்பே குளிரூட்டி நின்றுவிட்டது. ஜன்னல்களைத் திறக்க வழியில்லை. போதாததற்கு நடுவழியில் மடக்கு இருக்கைகளைப் போட்டு மேலும் ஆட்களை ஏற்றினார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று முறையிட்டபோது, "விருப்பமில்லை என்றால் ஹபறணையில் இறங்குங்கள்" என்றார் நடத்துநர். யானை நடமாடும் ஊரில், நள்ளிரவில், ஒரு தாயிடம் சொல்கிற பேச்சா இது? இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

மட்டக்களப்பில் இறங்கியதும் அடுத்த அடி. பஸ் நிலையத்திலிருந்து கல்லடிக்கு ஆட்டோ 800 ரூபா. மூன்று கிலோமீற்றர்கூட வராத தூரம். மறுநாள் அதே தூரத்துக்கு இன்னொருவர் 300 ரூபாதான் கேட்டார். ஏறுமுன் விலை பேசுங்கள்.

கூடல் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. நுழைவுக் கட்டணம் 500 ரூபா. அறுபது பேர் இருந்திருப்போம். பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு சிறுவன் அட்டையில் காது வெட்டி ஒட்டிக்கொண்டு, சுஜாதாவின் கதையில் வரும் இயந்திர நாய் ஜீனோவாக வந்திருந்தான். அதைப் பார்த்ததும் பஸ்ஸை மறந்துவிட்டேன். தமிழ் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சுஜாதா 2008 பெப்ரவரி 27 அன்று இறந்தார். ஆங்கில விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதே ஆண்டு மார்ச் 19 அன்று கொழும்பில் இறந்தார். இடையில் இருபத்தொரு நாள்தான். அந்த இருவரின் பெயரையும் சொல்லித்தான் கூடலைத் தொடங்கினார்கள்.

புத்தக மேசைதான் ஏமாற்றம். இந்திய விலை 250 என்று அச்சிட்ட புத்தகத்துக்கு இங்கே 1,500 ரூபா. ஒன்றுதான் வாங்க முடிந்தது. பிள்ளைகள் எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வாசிக்க வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்புவதைவிடப் பெரிய குறை ஒரு வாசகர் கூடலில் என்ன இருக்க முடியும்?

மதியம் பக்கத்துத் தெருச் சாப்பாட்டுக் கடையில் சோறு, நண்டுக் கறி, சொதி, முருங்கையிலை வறை. 650 ரூபா. வாவி நண்டு, ஓட்டை உடைத்தால் உள்ளே நிறையச் சதை. பிறகு சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் பாணியும். யாழ்ப்பாணத்தான் சொல்கிறேன், இந்தத் தயிருக்கு எங்களிடம் பதில் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த அமர்வை எத்தனை பக்கம் எழுதினாலும் எனக்குப் போதாது. பூமியிலிருந்து விண்வெளிக்குக் கம்பி கட்டி ஏறும் விண்தூக்கி பற்றிக் கிளார்க் எழுதிய நாவல் 1980 இல் ஹியூகோ விருது பெற்றது. அதற்காக அவர் இலங்கையையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி மத்திய கோட்டில் வைத்துவிட்டார். காரணம், பூமியோடு சேர்ந்து சுற்றி எப்போதும் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செய்மதிகள் மத்திய கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில்தான் நிற்கும். கம்பியை அங்கிருந்து நேராக இறக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்தாள். "சேர், நாட்டை ஏன் நகர்த்த வேண்டும்? கம்பியைச் சரித்து மட்டக்களப்பிலேயே கட்டினால் என்ன?"

மண்டபம் அமைதியானது. அமர்வை நடத்திய பௌதிக ஆசிரியர் பலகையில் வட்டம் வரைந்தார். கட்டலாம், ஆனால் கம்பி மத்திய கோட்டுப் பக்கம் சாய்ந்து வளையும், இழுவை கூடும் என்று விளக்கினார். பிறகு கணக்கிட்டுக் காட்டினார்: இங்கிருந்து பார்த்தால் நேர் தெற்கே உள்ள புவிநிலைப் புள்ளி அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 81 பாகை உயரத்தில் இருக்கும். கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே! வெளியே வந்து கல்லடி வீட்டுக் கூரைகளைப் பார்த்தேன். செய்மதித் தொலைக்காட்சித் தட்டுகள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. அந்தச் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே கட்டுரை எழுதியவரும் கிளார்க்தான்.

இரவு ஆளுக்கு 200 ரூபா கொடுத்து ஆறு பேர் வாவியில் தோணியேறிப் போனோம். துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். நீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். மரம் அதைக் காதுக்குக் கொண்டு வரும். எனக்குத் தாழ்ந்த சுருதியில் ஒரு நரம்பை மீட்டியதுபோலக் கேட்டது. மீனா, சிப்பியா என்று கரை சேரும்வரை விவாதித்தோம்.

தங்குமிடம் பற்றி எழுத எதுவும் இல்லை. 2,500 ரூபா, மின்விசிறி, நல்ல தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை எழுத்துப் பட்டறை. அந்த மாணவி இரண்டு பக்கம் எழுதி வாசித்தாள். அவளுடைய கதையில் சாய்ந்த கம்பியின் அடி வாவிக்குள் இறங்குகிறது. தூக்கி ஏறும்போதெல்லாம் கம்பி அதிர்கிறது. மூன்றாம் நாள் மீன்கள் பாட்டை நிறுத்திவிடுகின்றன.

"பிறகு?" என்று கேட்டேன்.

"இன்னும் எழுதவில்லை, அண்ணா. மீன்கள் கம்பியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன."