பதிவேட்டில் இருப்பவர்கள்

கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த எல்லைக்குள் இரண்டு வகை அயலார் இருந்தார்கள். மதுரை அருகே உச்சப்பட்டி அகதிகள் முகாமில் இலங்கைத் தமிழர்கள். கப்பலூர் தொழிற்பேட்டையிலும் நான்குவழிச் சாலையோரக் கட்டட வேலைகளிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள்.

சட்டப்படி முகாம்காரர்கள்தான் வெளிநாட்டவர். 2004 டிசம்பருக்குப் பின் மதுரையிலேயே பிறந்த குழந்தையானாலும், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தமும் இவர்களைச் சேர்க்கவில்லை. ஆனாலும் தடுப்பூசி நாளில் "மிஸி வந்துவிட்டார்" (அவர்கள் பேச்சில் மிஸி என்றால் நர்ஸ்) என்று ஒரு குரல் போனால் போதும், தாய்மார்கள் அட்டையோடு வந்து நிற்பார்கள். வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய பதிவேடு இருந்ததால் விடுபட்டவரைத் தேடுவதும் எளிது. அந்தப் பதிவேடு வந்தது கண்காணிப்புக்காக. வெளியூரில் தங்கவே அனுமதி கேட்க வைக்கும் ஏற்பாட்டை நான் மெச்சமாட்டேன். என் வேலைக்கு அது உதவியது என்பதையும் மறைக்கமாட்டேன்.

ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் இந்தியக் குடிமகள். ஆனால் வயிறு பெரிதாகும்வரை அவள் இங்கிருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவில் கணவன் பெயர் மட்டும்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. நாங்கள் நம்பியிருந்த மக்கள்தொகைக் கணக்கோ 2011-இல் எடுத்தது. நாங்கள் ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக எடுக்கும் கணக்கும் கதவு எண் உள்ள வீட்டோடு நின்றுவிடும். தகரக் கொட்டகைக்கு ஏது கதவு எண்?

"வடக்கத்திக்காரர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள்" என்று டீக்கடையில் சொல்வார்கள். எங்கள் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன், எரிச்சலாக இருக்கும். ஜன்னலில்லாத அறையில் பத்துப் பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்தால் காசநோய் பரவும். படுத்திருப்பவர் என்ன மொழி பேசினால் என்ன? அந்த அறையைக் கட்டியவர் நம்மூர்க்காரர்தான்.

சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். நடுவில் அவர்கள் ஊர்ப் பண்டிகையான சத் பூஜை வரும், ரயிலேறிவிடுவார்கள். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் நோயாளியைச் சொந்த ஊருக்கு மாற்றிவிட வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஊருக்குப் போகும் தேதி முன்கூட்டியே தெரிய வேண்டும். விடுப்புக் கேட்டால் கூலி பிடிப்பார்கள் என்று தொழிலாளி வாய் திறப்பதில்லை. கடைசியில் ஒரு மேஸ்திரியிடம் பேசி, டிக்கெட் எடுத்ததும் எங்களுக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்தோம். அவர் வேலை மாறியதும் அதுவும் நின்றுவிட்டது.