பெரு: உயரம் ஏற ஏற மாறும் சாப்பாடு

ஜூலை 3, லிமா

வானம் நாள் முழுக்க மழை மிரட்டல் விடுகிறது, பெய்வதில்லை. கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் இது பாலைவன நகரம். குளிர்காலத்தில் பொடித் தூறல்தான் மிச்சம். மதியம் செவிச்சே: எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், வெங்காயம், மிளகாய், பக்கத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மீன் ஊறிய சாற்றுக்குப் ‘புலிப்பால்’ என்று பெயர்; குடித்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. ருசிதான். ஆனாலும் உலகம் கொண்டாடும் அளவுக்கு என்று தோன்றவில்லை.

ஜூலை 6, அரெகிபா

வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய ஊர். பின்னால் 5,822 மீட்டர் உயர மிஸ்தி எரிமலை. ரொகோத்தோ என்ற குண்டு மிளகாய்க்குள் கொத்துக்கறி திணித்து, மேலே பாலாடைக்கட்டி உருக்கித் தந்தார்கள். காரத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு இரண்டாவது வாயில் கரைந்தது. மிளகாயே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நமக்கு வந்ததுதானே!

ஜூலை 9, புனோ

3,800 மீட்டருக்கு மேல். விடுதி மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது. கோகா இலைத் தேநீர் குடித்துக் கொஞ்சம் தேறினேன்.

வரும் வழியெல்லாம் வயலில் உருளைக்கிழங்கைப் பரப்பியிருந்தார்கள். இரவு உறைபனியில் கிழங்கு விறைக்கும். பகல் வெயிலில் இளகும். அதைக் காலால் மிதித்து நீரைப் பிழிந்து மறுபடி காயவைப்பார்கள். சில நாள் இப்படிச் செய்தால் கூழாங்கல் போன்ற சூனியோ கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்கா காலத்துக் களஞ்சியங்களிலும் இது இருந்தது. நம் மொட்டைமாடி வற்றலுக்கு வெயில் ஒன்றே போதும், இதற்குப் பனியும் வேண்டும். சூப்பில் போட்டுத் தந்தார்கள். மண்வாசம், லேசான கசப்பு, பஞ்சு போன்ற மெது. இந்தப் பயணத்தில் என் ஓட்டு இதற்குத்தான்.

ஜூலை 10, புனோ

டிட்டிகாக்கா ஏரியில் கோரைப்புல்லால் ஆன தீவுகள். சுற்றுலாக் கூட்டம் அதிகம். ஏரி மட்டும் அலுக்கவில்லை.

ஜூலை 14, இக்கிதோஸ்

வெளியூரிலிருந்து இங்கு வரச் சாலை கிடையாது. விமானம் அல்லது படகு. அமேசான் புழுக்கத்தில் சட்டை உடம்போடு ஒட்டுகிறது. பெலென் சந்தையில் ஹுவானே வாங்கினேன்: சோறு, கோழி, முட்டை, ஆலிவ் எல்லாம் இலையில் கட்டி வேகவைத்தது. அடுத்த கடையில் பனைவண்டுப் புழுவைக் குச்சியில் குத்தி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று தின்றேன். உள்ளே வெண்ணெய், வெளியே ரப்பர். கடைக்கார அம்மா இன்னொன்றை நீட்டினார். வயிறு நிறைந்துவிட்டது என்று சைகை காட்டி நகர்ந்தேன்.