காட்டுத்தீ ஆய்வுக்கு அரசு நிதி: விண்ணப்பம் முதல் கணக்கு முடிப்பு வரை

நிதியாண்டு ஒரு பக்கம் ஓடும், தீக்காலம் இன்னொரு பக்கம் ஓடும். இரண்டு காலண்டரையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டுதான் முன்மொழிவு எழுத உட்கார வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில், விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாக 8 மாதம் வரை ஆகலாம் என்பதே விதி. மற்ற நிதிகளும் அவசரப்படுவதில்லை. ஆகவே முதல் தீக்காலத்தில் சோதனை எரிப்பு வைக்காதீர்கள். அனுமதி, கருவிக் கொள்முதல், சருகு அளவெடுப்பு ஆகியவற்றுக்கே அது சரியாக இருக்கும்.

'தீயை எப்படித் தடுப்பது' என்ற கேள்விக்குப் பணம் கிடைக்காது. மதிப்பீட்டாளர்களுக்கு அளந்து பார்க்கும்படி ஒன்று வேண்டும். எங்களுக்குக் கைகொடுப்பது 1959இல் அமெரிக்கத் தீ ஆய்வாளர் பைராம் தந்த சூத்திரம்: எரியும் பொருளின் வெப்பம், சதுர மீட்டரில் எரிந்த எடை, தீ முன்னேறும் வேகம் மூன்றையும் பெருக்கினால் தீமுனையின் உக்கிரம். சருகின் வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 18,000 கிலோஜூல். சதுர மீட்டருக்கு அரை கிலோ எரிந்து, தீ நிமிடத்துக்கு 2.4 மீட்டர், அதாவது நொடிக்கு 0.04 மீட்டர் நகர்ந்தால், தீமுனையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 360 கிலோவாட். கைக்கருவியோடு தீயின் முகப்பில் நின்று அணைப்பதற்குச் சொல்லப்படும் வரம்பு சுமார் 350. வேகம் மாறாமல் சருகு மட்டும் பாதியானால் 180க்கு இறங்கிவிடும். முன்னெரிப்புக்கும் (சருகைக் குறைக்க முன்கூட்டியே திட்டமிட்டு எரிப்பதற்கும்) வீரர்களின் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பை இந்த நான்கு வரி காட்டிவிடுகிறது. பத்துப் பக்க முன்னுரை காட்டுவதில்லை.

தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதம் வாழ்த்து மடலாக இருந்தால் மதிப்பெண் ஏறாது. எத்தனை பேர், எத்தனை நாள், எந்தத் தண்ணீர் வண்டி, முடிவை எந்த வேலைக்குப் பயன்படுத்துவார்கள் என்று அதில் இருக்க வேண்டும்.

பட்ஜெட்டில் அடிவாங்குவது எரிப்பு நாள்தான். காற்று, காற்றின் ஈரப்பதம், சருகின் ஈரம் மூன்றும் அனுமதித்த எல்லைக்குள் வரும் நாட்கள் குறைவு. காடு கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்துவிட்டால் குழுவினர் நிஜத் தீக்கு ஓடிவிடுவார்கள். எனவே இரண்டு தீக்காலங்களுக்கு எரிப்பைப் பரப்பி, செலவாகாத பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக ஒப்பந்தத்திலேயே வழி வையுங்கள். எரிப்பே நடக்காவிட்டால் ஆய்வகக் காற்றுச்சுரங்கத்தில் என்ன செய்வீர்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரிகளான கே-வகை தெர்மோகப்பிள்களை நுகர்பொருளாகக் காட்டுவது நல்லது. மெல்லிய கம்பி சட்டென்று வெப்பத்தைப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் அறுந்துபோகும். தடித்தது தாங்கும், உச்ச வெப்பத்தைக் குறைத்துக் காட்டும். மெல்லியதை வாங்கி, உதிரிக்குத் தாராளமாக ஒதுக்கலாம். சருகின் ஈரத்தை, அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி, உலர் எடையால் வகுத்துச் சொல்ல வேண்டும். ஈர எடையால் வகுத்தால் தீ பரவுவதைக் கணிக்கும் கணித மாதிரியில் போடும் எண்ணே தவறு.

பெரிய தீ வந்த ஆண்டுக்குப் பிறகு ட்ரோனுக்கும் கேமராவுக்கும் பணம் தாராளமாக வரும். எரித்த இடத்தில் சருகு எத்தனை ஆண்டில் மறுபடி சேர்கிறது என்று பார்க்க மூன்றாண்டுத் திட்டம் போதாது, அதற்கு நிதி கேட்பதும் கடினம். எங்கள் பார்வையில் தடுப்பு ஆய்வின் முதுகெலும்பே அதுதான். ஆகவே இந்தத் திட்டத்தின் செலவிலேயே அடுத்த திட்டத்துக்கும் சேர்த்து காட்டில் அளவெடுக்கும் ஆய்வு மனைகளைக் குறித்துவிடுவது புத்திசாலித்தனம்: ஜிபிஎஸ் புள்ளி, மூலைக்கு ஓர் இரும்புக் கம்பி. மர முளை எரிந்துபோகும், பிளாஸ்டிக் உருகிவிடும். எரிப்பு நாளின் இரவு மிகைநேரப் படி, கம்பி ரசீது உட்பட எல்லாம் அன்றன்றே கோப்பில் ஏற வேண்டும். தணிக்கை முடிந்தால்தான் கடைசித் தவணை வரும்.