பழைய போயாக் ஒயின்: திறப்பதற்கு முந்தைய நாளே தொடங்குங்கள்

பிரான்சின் பொர்தோ வட்டாரத்து போயாக் ஊரில், 1996 விளைச்சலில் உருவான ஒயின் பாட்டில் ஒன்று கையில் இருக்கிறதா? படுத்திருந்த பாட்டிலை ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், நிமிர்த்தி வையுங்கள். கேபர்னே சோவினியோன் திராட்சையின் டானினும் (துவர்ப்புத் தரும் பொருள்) நிறமியும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, வண்டலாகப் படிந்திருக்கும். இளம் ஒயினில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு முதுமையில் தணிவதும் ஓரளவு இதனால்தான். வண்டலால் கெடுதல் இல்லை. கலங்கினால் மட்டும் கசப்பு ஏறும், மணம் மங்கும்.

அடுத்த ஆபத்து கார்க். பழைய கார்க் ஊறி நொய்ந்திருப்பதால் திருகாணி நடுவிலேயே பிய்த்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள 'ஆ-ஸோ' திறப்பானே இதற்கு ஏற்றது. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே தகடுகளை மாற்றி மாற்றி ஆட்டி இறக்கி, சுழற்றியபடியே மெல்ல இழுங்கள். கார்க் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அழுத்தவே கூடாது, உள்ளே விழுந்துவிடும்.

பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியோ டார்ச்சோ வைத்து, நடுவில் நிறுத்தாமல் டிகாண்டரில் (ஒயின் வடிக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் எழும்பிவிடும். வெளிச்சத்தில் தெரியும் வண்டலின் கருங்கோடு கழுத்தை எட்டியதும் போதும். அடியில் தங்கும் இரண்டு மூன்று மடக்கை விட மனம் வராதுதான், ஆனாலும் விடுங்கள்.

இளம் ஒயினைப் போல மணிக்கணக்கில் காற்றாட வைப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. முதிர்ந்த மணம் சீக்கிரம் கலைந்துவிடும். 16 முதல் 18 டிகிரிச் சூட்டில், வடித்தவுடனே கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி முகருங்கள். தேவதாரு, புகையிலை, பென்சில் சீவல், நனைந்த சருகு என்று ஒவ்வொன்றாக வரும். முதலில் வரும் அடைந்த வாடை சில நிமிடங்களில் போய்விடும். ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க்கிலிருந்து வந்த பழுது. எவ்வளவு நேரம் வைத்தாலும் தீராது.

உணவு அடக்கமாக இருக்க வேண்டும். தாய்ப்பால் குடித்து வளர்ந்த போயாக் ஆட்டுக்குட்டி இறைச்சி, உப்பு, கொஞ்சம் பூண்டு, உள்ளே இளஞ்சிவப்பு மாறாத பதத்தில் அடுப்பு வாட்டல்: எங்கள் தேர்வு இதுதான். கொழுப்பு மிகுந்த பெரிய மாட்டிறைச்சித் துண்டத்தை இளம் ஒயினுக்கு விட்டுவிடுங்கள். அதற்கு ஈடுகொடுக்கும் டானின் இதில் மிச்சமில்லை. மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். புதினா சாஸும் வினிகரும் மணத்தை மூடிவிடும். பாலாடைக்கட்டி வேண்டுமென்றால் முதிர்ந்த, கெட்டியான கோம்தே போதும், நீலப் பூஞ்சை படர்ந்த ரோக்ஃபோர் வேண்டாம்.